அணைசுழி பிறந்த கதை

திருப்பதி என்ற பெயரைக் காத்தாயி முதன்முதலில் கேட்டது, சமஸ்தானம் போய்ச் சர்க்கார் வந்த மறு வருஷம், அவள் வல்லத்திராக்கோட்டைக்கு வாழ வந்த அன்று. ஆரத்தித் தட்டோடு நின்ற மாமியார் முத்துமாரியம்மாள் மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற செவலைக் கிடேரியைத்தான் பார்த்தாள்.

"மாட்டைத் திருப்பதி பாத்தாரா? அவர் பாக்காம நம்ம வீட்டுல எந்த மாடும் வாசப்படி தாண்டுனதில்லை."

தாய் செத்த கன்றை, காத்தாயியின் ஆத்தா கஞ்சித்தண்ணீர் ஊற்றி வளர்த்து மகளோடு அனுப்பியிருந்தாள். புகுந்த வீட்டில் காத்தாயிக்கென்று இருந்த உயிர் அது ஒன்றுதான்.

திருப்பதி காத்தாயியின் செத்துப்போன மாமனாருக்கு ஒன்றுவிட்ட தம்பி. அவளுக்குச் சின்ன மாமா முறை. தொழில் மாட்டுத் தரகு. சொந்தமாக ஒரு கன்றுக்குட்டி கட்டி வளர்த்ததில்லை. மாட்டின் உடம்பில் மயிர் வட்டமிட்டு நிற்கும் இடத்தைச் சுழி என்பார்கள். ஊருக்குத் தெரிந்த சுழி ஏழெட்டு. திருப்பதிக்குத் தெரிந்தது நாற்பது. மிச்சமெல்லாம் மாட்டில் இல்லை, அவர் வாயில் இருந்தன. விற்கிறவன் வேண்டியவனென்றால் நல்ல சுழி முளைக்கும். வாங்குகிறவன் வேண்டியவனென்றால் அதே இடத்தில் கெட்ட சுழி முளைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறப்புக் கதையும் வைத்திருந்தார். அவருடைய பாட்டனாருக்கு அரண்மனைத் தொழுவத்தில் சொன்னதாம். அரண்மனையே போன பிறகு இல்லையென்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

ஆள் விட்டு அழைத்ததும் அன்றைக்கே வந்து கிடேரியைச் சுற்றிப் பார்த்தார். திமிலுக்குப் பின்னால் விரலை வைத்தார். உச்சுக் கொட்டினார்.

"அள்ளுசுழி, மதினி. வந்த வீட்டை வழிச்சு அள்ளிக்கிட்டுத்தான் போகும். திருவரங்குளத்துல ஒரு வீட்டுல இப்படி ஒண்ணைக் கட்டினாங்க. ஏழாம் மாசம் கூரையில ஓடு இல்லை. அன்னையிலேர்ந்துதான் இந்தப் பேரே."

"அய்யய்யோ! இப்ப என்ன செய்ய, கொழுந்தனாரே?"

"என் மச்சினன் ராசு கட்டிக்கிடுவான். அவன் சிவபக்தன், அவனை ஒண்ணும் செய்யாது. சந்தை நாளன்னைக்கு வந்து பிடிச்சுக்கிட்டுப் போகச் சொல்றேன்."

காத்தாயியின் புருஷன் ஆத்மநாதன் அம்மாவின் முகத்தையும் மாட்டின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். பெண்டாட்டியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

சந்தைக்கு நான்கு நாள் இருந்தது. ஊருணிக்குத் தண்ணீருக்குப் போன இடத்தில் காத்தாயி காதைத் தீட்டிக்கொண்டாள். பக்கத்துத் தெரு செங்கமலத்துக்குத் திருப்பதி சொல்லியிருந்த அதே அள்ளுசுழிக் கதை ஆவுடையார்கோவிலில் நடந்ததாகவும், மூன்றாம் மாசமே ஓடு போனதாகவும் இருந்தது. சின்ன மாமாவுக்குக் கதை மறக்கும் என்று தெரிந்தது. 'தெரியாது' என்ற சொல் அவர் வாயில் வருமா என்று பார்க்க வேண்டியிருந்தது.

மறுநாள் மோர் கொடுக்கும்போது கேட்டாள். "சின்ன மாமா, எங்க ஊருல மாட்டு நாக்குக்கு அடியில வெள்ளித்தட்டுன்னு ஒண்ணு பாப்பாங்களே, இங்கிட்டுப் பாக்குறதில்லையா?"

அப்படி ஒன்று எந்த ஊரிலும் கிடையாது.

"பாக்காமலா? அதைப் பாக்காம நான் மாட்டுல கையே வைக்க மாட்டேன்" என்றார் திருப்பதி, மீசையில் ஒட்டிய மோரைத் துடைத்தபடி.

சந்தை நாள் காலையில் ராசு கயிற்றோடு வந்தான். வேடிக்கை பார்க்கப் பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். காத்தாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"சின்ன மாமா, ஒரு சந்தேகம். அள்ளுசுழிக்கு நாலு விரக்கடை கீழே மயிர் எதுத்து ஏறி நின்னா அது அணைசுழிதானே? வெள்ளத்துக்கு அணை போட்ட மாதிரி, அள்ளுறதை அது தடுத்துரும்பாங்க. ஒங்களுக்குத் தெரியாததா?"

எல்லாரும் திருப்பதியைப் பார்த்தார்கள். அணைசுழியா, அது என்னம்மா என்று கேட்டிருந்தால் கிடேரி ராசுவின் கையில். ஆனால் அத்தனை பேருக்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு அவர் வேறு ஆளாகப் பிறந்திருக்க வேண்டும். குனிந்தார். கிடேரி நக்கி நக்கி ஈரமாய் நின்ற மயிரை விரலால் நீவினார்.

"அட, ஆமா! இது அணைசுழியேதான். எங்க பாட்டனாரு சொல்லுவாரு, அரண்மனைப் பட்டத்துக் காளைக்கு இருந்துச்சாம். ஏன் மருமகளே, இதை மொதல்லயே சொல்லப்படாதா?"

"மச்சான், அப்ப கயிறு?" என்றான் ராசு.

"கயித்தை இடுப்புல கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போடா!"

முத்துமாரியம்மாள் மாட்டுக்குக் குங்குமம் வைத்தாள். அந்த மிச்சத்தில் மருமகளுக்கும் வைத்தாள்.

அந்தச் செவலை ஆறு ஈற்று ஈன்றது. ஆனால் திருப்பதி அணைசுழியை விடவில்லை. பிறகு அவர் விற்ற மாடுகளில் பாதிக்கு அது இருந்தது. நாலு வருஷம் கழித்துக் காத்தாயியின் சொந்தத் தம்பி அடைக்கலம் ஒரு மயிலைக் காளையை ஓட்டிக்கொண்டு அக்காளிடம் காட்ட வந்தான்.

"அணைசுழிக் காளைக்கா! திருப்பதி மாமாவே எடுத்துக் குடுத்தாரு."

நுகத்தடியைக் கண்டாலே படுத்துக்கொள்கிற காளை. அணைசுழி தான் கட்டிவிட்ட கதை என்ற உண்மையைச் சொன்னால் தன் செவலையின் குங்குமம் அழிந்துவிடும். "நல்ல காளைடா" என்று சொல்லிவிட்டுக் காத்தாயி அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். தம்பி அந்த வருஷம் இரவல் மாடு கட்டித்தான் உழுதான்.

திருப்பதிக்கு இப்போது கண் தெரியவில்லை. ஆவுடையார்கோவிலில் மகள் சொர்ணவல்லி வீட்டில் இருக்கிறார். அந்த வீட்டில் மாடு இல்லை.