அறுபது வருஷத்துப் பெடலும் மிதியக்காவின் முட்டியும்

அந்தப் பட்டறையில் எல்லோரும் அவளை மிதியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டிரம் வாசிப்பவர்கள் காலால் மிதிக்கும் பெடல்களைச் செய்கிற இடம் அது. செய்து முடித்த ஒவ்வொரு பெடலையும் பெரிய பாஸ் டிரம்மில் மாட்டி, ஸ்டூலில் உட்கார்ந்து, வலது காலால் இருநூறு முறை மிதித்துப் பார்ப்பது அவள் வேலை. சரியாக இருந்தால் தன் முத்திரையைக் குத்துவாள். பத்தொன்பது வருஷமாக மிதிக்கிறாள். ஒரு பாட்டுக்குக்கூட வாசித்ததில்லை.

"உன் வலது கால் மட்டும் பயில்வான் கால்டி" என்று கிண்டல் செய்கிற புருஷன்தான் தினமும் அந்தக் காலுக்கு வெந்நீர் ஒத்தடமும் கொடுப்பான். இரண்டு வருஷமாக முட்டி வலி. பட்டறையில் அவள் மூச்சுவிடவில்லை. பாலிஷ் போடுகிறவர் தோள் வலிக்கிறது என்று சொன்ன அடுத்த வாரமே அவர் இடத்தில் வேறு ஆள் நின்றதைப் பார்த்தவள் அவள்.

இப்போது புது வேலை வந்திருந்தது. அறுபது வருஷத்துக்கு முந்தைய பெடல் ஒன்றை அச்சு அசலாக மறுபடியும் செய்து விற்கப்போகிறார்கள். யாரோ வாசித்துத் தேய்ந்த பழைய பெடலை வாங்கிவந்து, இன்ஜினியர் தம்பி மூலை முடுக்கெல்லாம் அளந்தான். நானூறு பெடல்கள் தயார்.

முதல் பெடலிலேயே அவள் கால் வலது ஓரமாகச் சறுக்கியது. அடுத்ததிலும் அப்படியே. கோளாறு பெடலிலா, முட்டியிலா? பெடல் என்று சொல்லி, கடைசியில் முட்டிதான் என்று தெரிந்தால் வேலை போய்விடும். பேசாமல் முத்திரை குத்தினால் நானூறும் அவள் பொறுப்பில் போகும்.

எல்லோரும் சாப்பிடப் போனபின் இடது காலை வைத்து மிதித்தாள். அதுவும் வலப்பக்கம்தான் சறுக்கியது. பழைய பெடலையும் மிதித்துப் பார்த்தாள். அதே சறுக்கல். அதன் குதிகால் பக்கக் கீலைக் கழற்றினாள். வலது பக்கத் துளை மட்டும் தேய்ந்து நீண்டிருந்தது.

திரும்பிவந்த இன்ஜினியரிடம் காட்டினாள்.

"அந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டர் தாழ்வாதான்க்கா இருந்துச்சு. அதுதான் இதோட ரகசியம்னு நெனச்சேன்."

"ரகசியமும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. எவனோ ஒருத்தன் காலைக் கோணலா வச்சு மிதிச்சிருக்கான். நீ அந்தக் கோணலை நானூறு பேருக்குப் பங்கு வச்சிட்ட."

சூப்பர்வைசர் வந்தார். கீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அதெல்லாம் சரிம்மா. உனக்கு எதுக்கு இடது காலால மிதிக்கத் தோணுச்சு?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். சமாளிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"வலது முட்டி போச்சு சார். ரெண்டு வருஷமாச்சு. தப்பு பெடல் மேலயா, என் மேலயான்னு பாக்கணும்ல?"

"ரெண்டு வருஷமா நொண்டுறியா? என் கண்ணுல படவே இல்லையே!"

"நீங்க வர்றப்ப நான் நடக்க மாட்டேன் சார். உக்காந்துடுவேன்."

இன்ஜினியர் குபீரென்று சிரித்துவிட்டான். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. அவர் வாயிலிருந்து என்ன வருமோ என்று அவள் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"நீ சொல்லலேன்னா நானூறும் திரும்பி வந்து என் தலையில விழுந்திருக்கும்" என்றார் கடைசியில். "கீலை மாத்தித் தரச் சொல்றேன். இந்த நானூறை முடிச்சுக் குடு. அப்புறம் பேக்கிங்குக்கு மாத்திடுறேன்."

"முடியற வரைக்கும் முட்டி தாங்கணுமே சார்?"

"அதான் இடது கால் இருக்குல்ல."

நானூறு பெடல், ஒன்றுக்கு இருநூறு. எண்பதாயிரம் மிதி. கணக்குப் போட்டதும் அவளுக்குக் கொட்டாவி வந்தது. வேலை போகவில்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. இடது கால் பெடலுக்கு நேராக வரும்படி ஸ்டூலை ஒரு சாண் வலப்பக்கம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள்.