ஜெஸி வாங்காத பாஸ்வேர்டு

தாராவியில் பை தைக்கிறவன் நான். பெயர் மாரிசெல்வம். இருபத்திரண்டு வருஷமாகத் தைக்கிறேன். ஆனால் எந்தப் பையிலும் என் பெயர் இருந்ததில்லை. குர்லா ஏஜென்ட் ஒருவர் சரக்கை எடுத்து, தன் லேபிளை வைத்து, யாருக்கோ விற்பார். வாங்குகிறவர் யார் என்று கேட்டால், "அதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்பார். அந்த ஆளிடமிருந்து என்னை மீட்டுவிட்டவள் ஜெஸி. அவளைப் பற்றி நாலு வார்த்தை எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

வடாலாவில் லேத் ஓட்டிய வேதமுத்து அண்ணனின் மகள் அவள். பி.காம். முடித்து, செம்பூரில் ஒரு இணையதளக் கம்பெனியில் சேர்ந்தாள். மெயில் வரவில்லை, மெயில் போகவில்லை என்று கத்துகிறவர்களுக்குப் போனில் பதில் சொல்லும் வேலை. ஏழு வருஷம் திட்டு வாங்கினாள். மற்றவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இவள் ஒவ்வொரு திட்டுக்கும் காரணம் என்னவென்று நோண்டிப் பார்த்தாள். இன்று அறுபது பட்டறைகளுக்குச் சொந்தப் பெயரில் இணைய முகவரியும் மெயிலும் அமைத்துக் கொடுத்திருக்கிறாள்.

எனக்கு என் அப்பா வெயிலுமுத்து பெயரில் ஒரு முகவரி வாங்கினாள். இதில் அவளுக்கு ஒரு பிடிவாதம். முகவரியை முதலாளி பெயரில், முதலாளியின் போன் நம்பரில்தான் பதிவு செய்வாள். பாஸ்வேர்டையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுவாள். இந்தத் தொழிலில் பாதிப் பேர் எல்லாவற்றையும் தங்கள் பெயரில் எழுதிக்கொண்டு கஸ்டமரின் குடுமியைப் பிடித்து வைத்திருப்பார்கள். பிழைக்கத் தெரியாத பெண் என்று நான்கூட நினைத்ததுண்டு.

எங்கள் சந்தில் கதவிலக்கம் கிடையாது. எல்லார் தபாலும் முனையில் இருக்கும் முகைதீன் பாய் கடைக்கு வரும். அதை வைத்துத்தான் எனக்கு விளங்கவைத்தாள்.

"மெயிலுக்கும் அப்படி ஒரு கடை இருக்கு அண்ணாச்சி. உங்க பேருக்கு வார கடிதாசிய எந்தக் கடையில போடணும்னு ஊரறிய ஒரு போர்டுல எழுதி வைக்கணும். உங்க பேர்ல யாரு அனுப்பலாம்னும் அதுலயே எழுதணும். இல்லன்னா கள்ளக் கடிதாசின்னு குப்பையில போட்ருவான்."

முகவரியோடு இலவசமாக வந்த மெயில்தான் அப்போது என்னிடம் இருந்தது; நான் அனுப்பியதெல்லாம் குப்பைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் பெங்களூர் ஹோட்டல் கம்பெனி ஒன்று என் சாம்பிளைப் பார்த்து, இரண்டாயிரம் பை நேராக என்னிடமே கேட்டது. லேபிளில் அப்பா பெயர். வெள்ளிக்கிழமை கடைசி டிராயிங் அனுப்புவார்கள். மாலை நாலு மணிக்குள் கம்பெனி மெயிலிலிருந்து சம்மதம் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் செல்லாது. தவறினால் ஆர்டர் வேறு ஆளுக்கு.

அதற்குள் மெயிலை நல்ல இடத்துக்கு மாற்றிவிடலாம் என்றாள் ஜெஸி. வெள்ளி பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம் என்று என் மனைவி ஆறுமுகத்தாய் சொன்னதால், சரி, பன்னிரண்டுக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டாள்.

என் வீட்டுக்காரிக்கு அது போதவில்லை. வெள்ளி காலை நாட்காட்டியைக் கிழித்துப் பார்த்துவிட்டு, "ஒம்போதரையில இருந்து பத்தரை நல்ல நேரம் போட்ருக்கு. சாஸ்திரத்துக்கு ஒரு தொடக்கமாவது போட்ருங்களேன்" என்றாள். வீடு கட்ட ஒரு செங்கல் வைப்பதில்லையா, அப்படி. பாஸ்வேர்டுதான் என்னிடம் இருக்கிறதே! பழையதைக் கழித்தால் புதுசுக்குத் தொடக்கம்தானே என்று, பத்தேகாலுக்கு கம்ப்யூட்டரில் உள்ளே போய், ஜெஸி சொன்ன அந்தப் போர்டில் இருந்த அத்தனை வரியையும் அழித்தேன். பெரிய சாதனை செய்தவன் போல டீயும் குடித்தேன்.

பதினொரு மணிக்குப் பெங்களூரிலிருந்து போன். மானசா என்ற அதிகாரி இந்தியில் கேட்டார்: டிராயிங் அனுப்பினோம், உங்கள் மெயிலில் ஏறவே மாட்டேன் என்கிறதே, கம்பெனி நடக்கிறதா இல்லையா? காலையில் அழித்த வரிகள் அப்போதுதான் உறைத்தன. இருபத்திரண்டு வருஷம் காத்திருந்ததை என் கையாலேயே கெடுத்தேனே.

ஜெஸிக்குப் போன் போட்டேன். செம்பூரில் ஆட்டோ பிடித்து, சயானில் இறங்கி, வேர்க்க வேர்க்க நடந்து வந்தாள். மணி பதினொன்றே முக்கால். திட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

"என்னென்ன வரி இருந்துச்சு, ஞாபகம் இருக்கா அண்ணாச்சி?"

"ஒண்ணுமே ஞாபகம் இல்ல ஜெஸி."

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். எந்தப் பட்டறையில் கை வைப்பதற்கு முன்னாலும், இருக்கிற வரிகளை ஒரு புள்ளி விடாமல் கையால் எழுதிக்கொள்வது அவள் வழக்கம். முந்தின நாளே என் பக்கத்தை எழுதி முடித்திருந்தாள்.

கீபோர்டில் விரலை வைத்தவள் ஆறுமுகத்தாயைப் பார்த்தாள். "அக்கா, இன்னும் கால் மணி நேரம் ராகு காலம் இருக்கு. காத்திருக்கவா?"

"அதான் தொடக்கம் நல்ல நேரத்துல போட்டாச்சே. நீ அடி தாயி!" என்றாள் என் மனைவி. இந்தச் சாமர்த்தியம் எனக்கு வராது.

பழையதில் தேவையானதைத் திரும்ப வைத்து, புதுக் கடையின் விலாசத்தையும் எங்கள் பெயரில் அனுப்ப அனுமதி உள்ளவரையும் எழுதினாள். பெங்களூர்க்காரர்கள் அனுப்பிய மெயில் உடனே திரும்பிப் போகாது, மறுபடி மறுபடி வந்து கதவைத் தட்டும், ஆனால் அது தட்டுகிற நேரம் நம் கையில் இல்லை என்றாள். உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி, இரண்டு மணி. யாரும் சாப்பிடவில்லை. இரண்டு ஐம்பதுக்கு டிராயிங் வந்து விழுந்தது. அளவைச் சரிபார்த்து மூன்றே காலுக்குச் சம்மதம் அனுப்பினேன். நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மானசாவின் பதில்: கிடைத்தது, ஆர்டர் உங்களுக்கே.

ஆறுமுகத்தாய் அழுதுவிட்டாள். நானும்தான், மறைப்பானேன்.

"இனிமே பாஸ்வேர்ட நீயே வச்சுக்க ஜெஸி. என் கையில இருந்தா ஆபத்து."

முதன்முதலாக அவள் முகம் கடுத்தது. "அது உங்க அப்பா பேரு அண்ணாச்சி. சாவிய நான் வச்சுக்கிட்டா, எனக்கும் அந்தக் குர்லா ஆளுக்கும் என்ன வித்தியாசம்? இன்னிக்கு வேலைக்காக உங்க பாஸ்வேர்ட நான் பார்த்துட்டேன். இப்பவே மாத்துங்க."

சொல்லிவிட்டு எழுந்து, நான் புதுப் பாஸ்வேர்டை அடித்து முடிக்கும்வரை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.