சத்தமில்லாத தரை

சமையலறையின் தரைப் பலகை உடைந்து மனைவியின் கால் உள்ளே போன அன்றே, இனி இந்த மரத்தரை வேண்டாம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

அவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி தையல்காரி. சர்க்கரை நோய் இரண்டு கண்களையும் வாங்கிக்கொண்டதில் அவளுடைய மெஷின் மூடிக் கிடந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து தண்ணீர் கசிந்து பலகை உளுத்திருந்ததை அவளால் பார்க்க முடியாது. பார்க்க முடிந்த இவரோ கவனிக்கவில்லை. அந்த உறுத்தல் அவரைத் தின்றது. அவள் கணுக்கால் கட்டைப் பிரிப்பதற்குள் டைல்ஸ் பெட்டிகள் வாசலில் வந்து இறங்கின.

"ஆள் வெச்சுப் போடலாமேங்க."

"நானே போடுறேன்."

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பொய்யில்லை. உளுத்த பலகையை மட்டும் மாற்றிவிட்டு, கூடம், சமையலறை இரண்டிலும் மரத்தின் மேலேயே கலவையைத் தடவி டைல்ஸை ஒட்டினார். பார்வைக்குப் பளிச்சென்றுதான் இருந்தது. சில வாரம் கழித்து, காபி டம்ளரோடு நடந்து வந்த அவள் சட்டென்று நின்றாள்.

"என்னங்க, காலுக்கடியில ஏதோ விட்டுப்போச்சு."

குனிந்து பார்த்தார். மயிரிழை விரிசல் ஒன்று வாசற்படிவரை ஓடியிருந்தது.

தச்சு வேலை செய்யும் மச்சினன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "மாமா, ஆள் நடந்தா பலகை வளையும். டைல்ஸ் வளையுமா? எல்லாத்தையும் பேர்க்கணும்."

"பேர்த்துடலாம் மாப்ள" என்றார், முகம் சுண்டிப்போய்.

இருவரும் பேர்த்தெடுத்தார்கள். ஆடிய பலகைகளை அடிச்சட்டத்தோடு திருகாணி போட்டு இறுக்கி, மேலே சிமென்ட் பலகை பரப்பி, அதன் மேல் டைல்ஸ் வைத்தார்கள். ஒவ்வொன்றையும் ரப்பர் சுத்தியலால் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, இடுக்குகளை அடைத்தார்கள். இந்த முறை தரை கல்லுப்போல நின்றது.

ஆனால் அவள் சமையலறைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பாடும் பாதியாகக் குறைந்தது. கால் வலிக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் சொன்னாள்.

"முன்னாடி நீங்க எங்க நிக்கிறீங்கன்னு பலகை காட்டிக் கொடுத்துடும். கூடத்துல ஒரு சத்தம், அடுப்புகிட்ட ஒரு சத்தம். இப்ப ஒண்ணுமே கேக்கல. வீட்ல நான் மட்டும் இருக்கிற மாதிரி பயமா இருக்கு."

அவளுக்காகப் போட்ட தரை அவளையே தனியாக்கியிருந்தது. பேசிப் பழகாத மனிதர் அவர். அன்று முழுக்க உள்ளுக்குள்ளேயே குமைந்தார்.

மறுநாள் காலை சமையலறையிலிருந்து தொண்டையைச் செருமினார்.

"அடுப்புகிட்ட நிக்கிறேன்."

வெட்கம் பிடுங்கித் தின்றாலும் விடவில்லை. "தண்ணி கொதிக்குது. வெங்காயம் நறுக்கப் போறேன். கண்ணு எரியுது."

சுவரைத் தடவிக்கொண்டு அவள் மெல்ல வந்தாள். அவர் தோளில் கை பட்டதும் நின்றாள்.

"தடிமனா நறுக்காதீங்க."

அன்றிலிருந்து அவர் பேசினார். முதலில் நிற்கும் இடத்தை மட்டும் சொன்னார். பிறகு வண்டி ஓட்டிய காலத்துக் கதைகள் வந்தன: பிரசவ வலியில் ஏறிய பெண், தூங்கிப்போய் கடைசி நிறுத்தம்வரை வந்த கிழவர்.

"இத்தனை வருஷமா இதையெல்லாம் எங்க வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள் அவள்.

"தெரியல" என்றார். சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, அவள் தேடக்கூடாதே என்று, "இங்கதான் இருக்கேன்" என்றார்.