பூக்கடையில் இறங்கிப்போன காமிக்ஸ் மூட்டை

போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை போய்வந்ததை இப்போதுதான் எழுதுகிறேன். மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு இதைவிடச் சீக்கிரம் எழுத முடியாது.

கிளம்பிய காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: வயிற்றெரிச்சல். என் நாத்தனார் குடும்பத்தோடு காஷ்மீர் போயிருந்தார். ஒரே காலையில் முப்பத்தோரு ஸ்டேட்டஸ். பனியில் படுத்து ஒன்று, பனியைத் தின்று ஒன்று. என் வீட்டுக்காரர் குவைத்தில். "அடுத்த லீவுக்குக் கண்டிப்பா ஊட்டி" என்பதை மூன்று லீவாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கடுப்பில் இருந்தபோதுதான் செல்வி கூப்பிட்டாள். கல்லூரித் தோழி, கீரமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். அவள் வகுப்பில் கவிநயா என்று ஆறாவது படிக்கும் பிள்ளை, நடக்க முடியாது. சக்கர நாற்காலி உடைந்துபோனதிலிருந்து அவள் அம்மாதான் இடுப்பில் தூக்கி வருகிறாராம். ஆண்டு விழாவில் பழைய காமிக்ஸ் விற்றுப் புது நாற்காலி வாங்கலாம் என்பது செல்வியின் யோசனை. என் அலமாரியில் எண்பத்தாறு காமிக்ஸ் இருப்பது அவளுக்குத் தெரியும். சரி, எனக்கும் ஒரு பயணம் ஆயிற்று என்று கிளம்பினேன்.

திருக்கோகர்ணத்திலிருந்து புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அங்கிருந்து கீரமங்கலத்துக்கு 8.10 தனியார் பஸ், சுமார் நாற்பது கிலோமீட்டர், 35 ரூபாய். டவுன் பஸ்ஸிலேயே அட்டைப்பெட்டி பிய்ந்துவிட்டது. டீக்கடையில் பத்து ரூபாய்க்கு ஒரு வெள்ளைச் சாக்கு வாங்கிக் கட்டினேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

கீரமங்கலம் பூ விடிகாலையில் பஸ்ஸில் புதுக்கோட்டை வரும். காலிச் சாக்கும், பொட்டலம் மடிக்கப் பழைய பேப்பர் மூட்டையும் அதே பஸ்ஸில் திரும்பிப் போகும். கூட ஆள் வருவதில்லை, பெயரும் எழுதுவதில்லை. கண்டக்டர் ஏற்றுவார், கடைக்காரர் இறக்கிக்கொள்வார். எனக்கு இது தெரியாது. ஆலங்குடி தாண்டியதும் என் மகள் நிலா என் துப்பட்டாவில் வாந்தி எடுத்தாள். அதைத் துடைத்துக்கொண்டிருந்ததில், கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் என்ன இறங்கியது என்று கவனிக்கவில்லை. 9.30க்குக் கடைசி ஸ்டாப்பில் இறங்கினால் மூட்டையைக் காணோம்.

"வெள்ளைச் சாக்கா? பூராத்தையும் பூக்கடையில எறக்கியாச்சேக்கா" என்றார் கண்டக்டர்.

"லக்கேஜ் இருக்குன்னு சொன்னேன்ல?"

"இருக்குன்னுதான் சொன்னீங்க. எதுன்னு சொல்லலையே."

ஆட்டோ ஐம்பது ரூபாய். "அங்கிட்டு இருந்துதானே வந்தீங்க, திரும்ப அங்கிட்டேவா?" என்று ஆட்டோக்காரர் வேறு.

கடையில் சாக்கு அவிழ்ந்து கிடந்தது. ஒரு புத்தகத்தின் பின்பாதி மல்லிகைப் பொட்டலமாகி யாரோடோ போய்விட்டிருந்தது. முன்பாதியைப் பூக்கட்டும் அக்கா ஒருவர் படித்துக்கொண்டிருந்தார். கொடுக்க மனசே இல்லாமல் நான் மூட்டையில் போட்ட புத்தகம் அது.

"ஏண்ணே கிழிச்சீங்க? ஸ்கூலுக்குக் கொண்டுபோறதுண்ணே."

"பழைய பேப்பர் வரும்னு சொல்லியிருந்தாய்ங்கம்மா. கலரா இருக்கேன்னு நானும் பாத்தேன்" என்றார் கடைக்காரர்.

அக்கா நிமிரவே இல்லை. "திருடன் கெணத்துக்குள்ள குதிச்சிட்டான். பெறகு என்ன ஆனான்? அதச் சொல்லிட்டு மூட்டையத் தூக்கு."

சொல்லவில்லை. பாதிப் புத்தகத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

பள்ளி மூன்று கிலோமீட்டர், ஆட்டோ நூறு ரூபாய். பத்து மணி விழாவுக்கு 10.20க்கு ஓடினால், சிறப்பு விருந்தினர் வரவேயில்லை. விற்பனை மேசையில் கவிநயாவை உட்காரவைத்திருந்தார்கள். அவளோ எதையும் விற்பதாக இல்லை.

"இருங்க சார், படிச்சு முடிச்சிட்டுத் தாரேன்" என்று ஹெட்மாஸ்டரையே இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டாள். ஒரு மணிக்கு விழா முடிந்தால் கூட்டம் கலைந்துவிடும்.

"ஒன் நாற்காலிக்குத்தான் பாப்பா விக்கிறோம்" என்றேன்.

"தெரியும்க்கா. நாற்காலி எங்க ஓடிறப்போகுது?"

அடுத்து அவள் எடுத்தது அந்தப் பாதிப் புத்தகம். கிணற்றுக்கு வந்ததும் நிமிர்ந்தாள். "மிச்சம் எங்க?"

"பூவோட போச்சு."

11.45க்கு விருந்தினர் வந்தார், ஒரு டாக்டரம்மா. வாசலில் சந்தனம், குங்குமம் கொடுத்துவிட்டுச் செல்வி, காலையில் மார்க்கெட்டிலிருந்து வந்திருந்த மல்லிகைப் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்பக்கம் எங்கள் திருடன் கிணற்றுக்குள் நீந்திக்கொண்டிருந்தான்.

"டீச்சர், பேப்பரக் கசக்கிறாதீங்க" என்று மேசையிலிருந்து ஒரு சத்தம்.

ஈரத்தாளை வாங்கிக் கவிநயா சத்தமாகவே படித்தாள். கிணற்றுக்குள் ஏற்கெனவே போலீஸ்காரர் ஒருவர் விழுந்து கிடக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து, "திருடன், திருடன், கயிறு போடுங்க" என்று கத்துகிறார்கள். கூட்டமே சிரித்தது. டாக்டரம்மா பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்று கேட்டார். கேட்டுவிட்டு, அந்தக் கிழிந்ததுதான் வேண்டும் என்றார்.

"ரெண்டு மடங்கு வெல மேடம்" என்றாள் கவிநயா. "வாசம் வருதுல்ல."

அதன்பிறகு மேசையைச் சுற்றிக் கூட்டம். ஒரு மணிக்கு ஒன்பது புத்தகம்தான் மிச்சம். குறைந்த கொஞ்சப் பணத்தைச் செல்வி போட்டாள். நாற்காலிக்கு அன்றைக்கே ஆர்டர் கொடுத்தாயிற்று.

மனசு நிறைந்துவிட்டதா என்றால், திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் நாத்தனார் ஸ்டேட்டஸைத் திறந்தேன். படகில் ஏழு படம். எரிந்தது, ஆனால் நாலாவது படத்தில் நிலா தண்ணீர் கேட்டாள், மூடிவிட்டேன். மீதியை இன்றுவரை பார்க்கவில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: பிள்ளைக்கு மாற்றுத்துணி இரண்டு செட் எடுங்கள். மூட்டையை மடியிலேயே வையுங்கள், வெள்ளைச் சாக்கு வேண்டவே வேண்டாம். பள்ளி விழா பத்து மணி என்றால் 11.30க்குப் போனால் போதும். யாரிடமும் கதையைப் பாதியில் பிடுங்காதீர்கள். கிளம்பிய பஸ்ஸைப் பூ மார்க்கெட்டில் நிறுத்தச் சொல்லி, ஜன்னல் வழியாக அந்த அக்காவுக்கு மிச்சக் கதையைக் கத்திச் சொல்லும்படி ஆகிவிடும், எனக்கு ஆனதுபோல. கண்டக்டரும் விசில் ஊதாமல் கேட்டுக்கொண்டு நின்றார்.