ரோச் அண்ணாச்சியின் மூன்றாம் பாகம்

"கன்செர்ட்டோவுக்குத் தமிழ்ல என்ன போடலாம், கிரேசி?" என்று ரோச் அண்ணாச்சி கேட்டார். துறைமுக அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை அவருடையது.

"குழுவோடு தனிக்குழல்னு போடலாம், அண்ணாச்சி."

"அதுக்கு யாருளா வருவா? ஆர்க்கெஸ்ட்ரான்னு போடு."

"சினிமாப் பாட்டுன்னு நினைப்பாங்களே?"

"நினைக்கட்டும். வந்து உக்காந்துட்டா எந்திரிச்சா போயிருவாவ?"

அப்படியே நோட்டீசு எழுதிக் கொடுத்தேன். அது 1974.

அவருடைய அப்பா சங்கு குளித்தவர். மூச்சை அடக்கிச் சம்பாதித்த குடும்பத்தில் அதைப் புல்லாங்குழலில் ஊதிச் செலவழித்த முதல் ஆள் இவர்தான். யாரோ ஒரு ஜெர்மன்காரர் எழுதிய அந்தக் கன்செர்ட்டோவுக்கு மூன்று பாகங்கள். முதல் இரண்டையும் சமாளித்துவிடலாம். மூன்றாவது மூச்சுவிட இடமில்லாமல் ஓடும். ஒன்றரை வருஷம் அதற்காகவே சாப்பாட்டு நேரத்தில் கோப்பு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஊதினார். மேலதிகாரி இரண்டு தடவை எலி பிடிக்க ஆள் அனுப்பினார்.

கிறிஸ்மஸ் கச்சேரிக்கு ஊர்ச் சங்க மண்டபம் நிறைந்துவிட்டது. கோயில் பாட்டுக்குழுவின் ஆறு வயலின்களும் ஆர்மோனியமும் தொடங்கின. கன்செர்ட்டோவில் முதலில் குழுதான் வாசிக்கும். தனியாக வாசிப்பவர் காத்திருக்க வேண்டும். அண்ணாச்சி கோட்டும் வெள்ளிக்குழலுமாக இரண்டு நிமிடம் சும்மா நின்றார்.

"ஏலே, மனுசனுக்கு மறந்துபோச்சு போல!"

"வெக்கப்படாம ஊதுங்க, அண்ணாச்சி!"

"பாடுத பிள்ளைய எப்ப கூப்பிடுவிய?"

ஊதினார். நன்றாகவே ஊதினார். முதல் பாகம் முடிந்ததும் கைதட்டல் அடங்கவில்லை. கச்சேரியே முடிந்துவிட்டதென்று நினைத்து, சங்கத் தலைவர் ஆவுடையப்பன் மாலையோடு மேடையேறினார். உப்பள முதலாளியான அவருக்கு மைக் கையில் கிடைத்தால் இறக்கிவைக்கத் தெரியாது. "இன்னும் ரெண்டு பாகம் இருக்கு" என்று அண்ணாச்சி காதோடு சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, அதைப் பற்றியும் பத்து நிமிடம் பாராட்டினார். முக்கால் மணி நேரம் போயிற்று. ஏழரை மணி வேம்பார் பஸ்ஸைப் பிடிக்க இரண்டு வயலின்கள் இறங்கிப் போயின. ஆர்மோனியக்காரர் தேசிய கீதத்தைத் தொடங்கிவிட்டார். அதற்குப் பிறகு கன்செர்ட்டோ வாசிக்க இந்தியாவில் வழியில்லை.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். மாலையும் கழுத்துமாக அவரும் நின்றார். வெளியே போகும்போது பலர், "சுருக்கமா முடிச்சிட்டிய, நல்லாருந்துது" என்று கை கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை என் மேசைக்கு வந்தார்.

"வார கிறிஸ்மசுக்கும் மண்டபம் கேட்டிருக்கேன்ளா. மூணாவது பாகத்தை முதல்ல வாசிச்சிருதேன். நோட்டீசுல அதையே முதல் பாகம்னு போட்டுரு, என்ன?"