அத்தை காப்பாற்றிய கொசுப்புழுக்கள்

என் மாமியாரை ஏமாற்றினேன். எறும்பை மிதிக்காமல் நடக்கும் அந்தப் பெண்மணியின் கையாலேயே என் மீன்களுக்கு இரை வளர்க்க வைத்தேன். இன்றுவரை அவருக்குத் தெரியாது. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

நாங்கள் சமணர்கள். திருவண்ணாமலையில், செங்கம் சாலையை ஒட்டிய தெருவில் வீடு. பொழுது சாய்ந்தபின் அத்தை சாப்பிடமாட்டார். குடிநீரை மடித்த துணியில் வடிகட்டுவார். அதோடு விட்டாரா? கண்ணுக்குத் தெரியாத உயிர் ஏதும் ஒட்டியிருக்குமென்று, துணியை அலசிய நீரைக் கிணற்றிலேயே கொண்டுபோய் விடுவார்!

அப்பேர்ப்பட்ட வீட்டின் மொட்டைமாடியில் நான் ஃபைட்டர் மீன் வளர்க்கிறேன். சும்மா சொல்லவில்லை, இந்த ஊரில் என் மீன்களுக்கு ஈடு கிடையாது. வாலை விரித்தால் பட்டுச்சேலை முந்தானை தோற்கும். கடையில் விற்கும் உருண்டைத் தீனி போட்டால் இந்த நிறம் வருமா? வராது. குஞ்சு பொரிக்கும் ஜோடிக்கு உயிருள்ள இரை வேண்டும். கொசுப்புழுதான் அதற்கு அமிர்தம்.

ஆகவே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு மண்பானை வைத்தேன். நீரில் கொஞ்சம் காய்ந்த இலை. கொசு தானாக வந்து முட்டையிடும். புழுவுக்குச் சிறகு முளைக்குமுன் வலையால் அள்ளிவிட வேண்டும். அதில் நான் ஒருநாளும் தவறியதில்லை. மீனுக்கு என்ன போடுகிறாய் என்று அத்தை கேட்டபோது, தானியத் தீனிதான் என்றேன். பாதி உண்மை...

ஒருநாள் வடகம் காயவைக்க வந்தவர் பானையைக் கண்டுவிட்டார்.

"ஏம்மா, இதுல எவ்ளோ உயிரு நெளியுது பாரு! கொட்டிடாதம்மா. கொசுவா இருந்தா என்ன, அதுக்கும் வாழணும்னு இருக்கும்ல?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உண்மையை. என்ன சொன்னேன்?

"சரிங்க அத்தை, கொட்டல."

மறுநாள் பானைக்கு நிழலாக ஒரு பலகையைச் சாய்த்திருந்தார். பிறகு, பாவம் பட்டினி கிடக்குமே என்று, ஆறிய கஞ்சியில் ஒரு கரண்டி ஊற்றத் தொடங்கினார். அடடா, என்ன விளைச்சல் தெரியுமா! இத்தனை கெட்டிக்காரியான எனக்குக் கஞ்சி தோன்றவே இல்லை. புழுக்கள் கொழுத்தன. மீன்கள் மின்னின. வெட்கத்துக்கு முன்னால் மகிழ்ச்சிதான் வந்தது... அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"நேத்து ஜாஸ்தியா இருந்துச்சு, இன்னிக்கி கம்மியா இருக்குதே. எங்கம்மா போச்சு?"

"றெக்கை மொளைச்சு பறந்து போயிடுச்சுங்க அத்தை."

அவர் முகம் மலர்ந்ததே... அந்த முகத்தை நான் எப்படி மறப்பேன்! எங்கேயாவது நன்றாக இருக்கட்டும் என்று வானத்தைப் பார்த்தார். ஒன்றுகூடப் பறக்கவில்லை.

சொல்லித் தொலைத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் அவர் சோறு தண்ணீர் இல்லாமல் கிடப்பார். வாழ்நாளெல்லாம் காத்த நோன்பை மருமகள் கெடுத்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை ஏசமாட்டார், தன்னையே வருத்திக்கொள்வார். அதனால்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பொய்! மீனுக்காகத்தான் மறைக்கிறேன்.

ஆண்டுக்கு ஒருநாள் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். இந்த முறை, வயதில் மூத்த அவரே கைகூப்பி என் முன் வந்து நின்றார்.

"தெரிஞ்சோ தெரியாமலோ நான் ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிடும்மா."

நானும் அதையே திருப்பிச் சொன்னேன். பாதியில் நிறுத்தினேன். இதோ, இப்போது சொல்லிவிடலாம்...

"உன்மேல எனக்கு என்னம்மா குறை? மன்னிச்சிட்டேன்" என்று தலையைத் தடவினார். எதை மன்னித்தார் என்பது அவருக்குத் தெரியாது. அப்படிக் கிடைத்த மன்னிப்பு செல்லுமா?

நான் வாய் திறப்பதற்குள் அவர் அடுக்களைக்குப் போய் ஒரு கிண்ணத்தோடு திரும்பினார்.

"முட்டி வலிக்குது, மாடி ஏற முடியல. கஞ்சி ஆற வெச்சிருக்கேன், நீயே கொண்டுபோய் அதுங்களுக்கு ஊத்திடும்மா."

வாங்கிக்கொண்டு போய் ஊற்றினேன்.