இடது காலுக்கு ஒரு பாவாடை

போன வாரம் ஒற்றைக் காலுக்காக ஒரு பாவாடை தைத்தேன். சிரிக்காதீர்கள்... விஷயம் அப்படி.

என் மகள் தீபா, காலேஜ் இரண்டாம் வருஷம். எர்ணாவூர் பக்கம் கன்டெய்னர் லாரி உரசி ஸ்கூட்டி சாய்ந்ததில் இடது கால் முறிந்துவிட்டது. உயிரோடு திருப்பிக் கொடுத்த அம்மனுக்குக் கோடி கும்பிடு. இப்போது எலும்பு சேர, காலைச் சுற்றி டாக்டர் மாட்டிய கம்பிக் கூண்டு. சுடிதார் நுழையாது. நாள் முழுக்க நைட்டிதான்.

திங்கட்கிழமை பரீட்சை.

"நைட்டியோடல்லாம் வரமாட்டேன்மா. வருஷம் போனா போவட்டும்."

போகட்டுமா? எப்படி விடுவது?

துணிமேல் வைத்து வரைய, தையல் கிளாஸில் வெட்டிய ஸ்கர்ட் பேப்பர் கட்டிங் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் இடது பக்கம் நாலு விரல் கூட்டி, இடுப்பிலிருந்து அடிவரை திறந்து, பிரஸ் பட்டன் வைக்கலாம் என்று தோன்றியது. புது கட்டிங்குக்குத் தாள்? பழைய காலண்டர் கிடைத்தது — அம்மன் படம் போட்டது. வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் வரைந்து, சுற்றிலும் நியூஸ்பேப்பர் ஒட்டி, அம்மன் மேல் கத்திரி படாமல் வெட்டினேன்.

தரையில் துணியை விரித்து வைக்கப்போனால்... வரைந்த பக்கம் மேலே வந்தால் அம்மன் குப்புறப் படுப்பாள். மனசு கேட்குமா? படத்தை மேலே பார்க்க வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, சாக்பீஸால் கோடு இழுத்தேன்.

சமையல், மருந்து, அவளைத் தூக்கி உட்காரவைப்பது — இதற்கு நடுவில்தான் மிஷின். முதுகு விட்டுப்போயிற்று. ஞாயிறு மாலை மாட்டிவிட்டேன்.

பட்டன் வரிசை வலது காலில் இறங்கியது!

தாளைத் திருப்பினால் இடது வலதாகிவிடும் என்பது இந்த மண்டைக்கு உறைக்கவே இல்லை.

"யம்மா, எந்தக் காலு ஒடஞ்சுதுன்னே மறந்துட்டியா? இன்னா, இந்தக் காலயும் ஒடச்சிக்கினு வரட்டா?"

துணியும் மிச்சமில்லை, தெம்பும் மிச்சமில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"முடியலடி தீபா."

அவ்வளவுதான் வந்தது.

 தீபா குனிந்து பாவாடையைப் பார்த்தாள்.

"யம்மா, எந்திரி. பின்பக்கத்த முன்னாடி போட்டுக்கினா பட்டன் இந்தாண்ட வந்துரும்ல?"

வந்தது! கூண்டும் அடங்கியது. பின்னால் இருக்கவேண்டிய எலாஸ்டிக் சுருக்கம் மட்டும் வயிற்றில் உப்பிக்கொண்டு நின்றது.

"கலீஜா கீதாடி?"

"கீது. வுடு, நான் இன்னா டான்ஸா ஆடப்போறேன்? உக்காந்து எழுதத்தான போறேன்."

திங்கட்கிழமை வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஹாலுக்குள் போனாள். வாட்ச்மேன் எனக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். பரீட்சை முடியும்வரை அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டே இருப்பதாக முடிவு செய்து உட்கார்ந்தேன்.

"எழுதிட்டேன்மா, எந்திரி, வூட்டுக்குப் போலாம்" என்று தோளைத் தட்டினாள் தீபா.

தப்பாக நினைக்காதீர்கள்... வேண்டிக்கொள்ளத்தான் கண்ணை மூடினேன்!